ஆணி ஏன் அயர்கிறது?

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "எதைப் பற்றி எழுதட்டும்?" என்றேன். "நீர் படிப்பதைப் பற்றியே எழுதும். ஆனால் இலக்கியம் பயிலும் நண்பர்களுக்கும் விளங்கவேண்டும்" என்றார். நான் பயில்வது இயந்திரவியல். எழுத எண்ணியதோ ரிவெட்டைப் பற்றி. கலைச்சொல் வல்லார் அதனைத் தறையாணி என்பர். இரு தகடுகளைத் துளையிட்டு, துளைக்குள் ஆணியைச் செலுத்தி, மறுபுறம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அடித்து இன்னொரு தலையாக்கிவிட்டால் அதுவே ரிவெட்டு. திருகாணியைப் போல் இதைக் கழற்ற முடியாது. வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

ஓர் ஆணிக்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்க வேண்டா. அந்த ஆணியைப் பற்றி நான் தவறாகப் போட்ட கணக்கு ஒன்றினால் ஒரு மனிதரின் மணிக்கட்டு முறிந்தது. அக்கணக்கு எங்கே தவறிற்று என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

என் ஊர் பங்காருபாளையம். சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், மொகிலி கணவாய்க்கு இப்புறம் உள்ளது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர். கோடை முற்றியதும் எங்கள் ஊர்ச் சந்தையில் மாங்காயைத் தவிர வேறொன்றையும் காண இயலாது. கிளிமூக்கு மாங்காய் மலைமலையாய்க் குவிந்திருக்கும். கூழ் ஆலைகளுக்கும் வெளியூர்களுக்கும் இரவு பகலாக வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். என் மாமாவுக்கும் அப்படி ஒரு சிறு லாரி உண்டு. பெட்டி போன்ற கூண்டு கட்டிய வண்டி அது. கூண்டின் எலும்பு எஃகுச் சட்டம், தோல் அலுமினியத் தகடு. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை நூற்றுக்கணக்கான ரிவெட்டுகள்.

இந்த எலும்பும் தோலும் எங்கள் ஊர்ப் பட்டறையின் கண்டுபிடிப்பு அன்று. பேருந்துக் கூண்டுக்குப் பெயர்பெற்ற கரூரிலும், லாரிக் கூண்டுக்குப் பெயர்பெற்ற நாமக்கல், திருச்செங்கோட்டிலும் எஃகையும் அலுமினியத்தையும் இணைப்பது அன்றாட வேலை. காரணம் எடை. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறத்தாழ 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம். எங்கள் வண்டியின் கூண்டுக்குச் சுமார் 20 சதுர மீட்டர் தகடு வேண்டும். 1.6 மில்லிமீட்டர் கனத்தில் அதை அலுமினியத்தால் செய்தால் 86 கிலோகிராம். அதே கனத்தில் எஃகால் செய்தால் 251 கிலோகிராம். ஒவ்வொரு நடைக்கும் எட்டுக் கூடை மாங்காய் கூடுதலாக ஏற்றலாம் என்று மாமா கணக்குச் சொல்வார். அவர் கணக்கு ஒருபோதும் தவறியதில்லை. தவறியது என் கணக்குத்தான்.

பற்றவைத்துவிட்டால் என்ன, ரிவெட்டு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். எஃகு உருக ஏறத்தாழ 1,500 பாகை வேண்டும். எப்பாடு பட்டாவது இரண்டையும் உருக்கிக் கலந்தாலும், இரும்பும் அலுமினியமும் கூடி உண்டாகும் சேர்மங்கள் கண்ணாடியைப் போல் நொறுங்கக்கூடியவை. ஆகவே இவ்விரண்டையும் உருக்காமல் இணைப்பதே எளிய வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொதிகலத்தை இணைத்த அதே ரிவெட்டு, 2003-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.ஜே. காரின் அலுமினிய உடலில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில், பசையோடு சேர்ந்து, மீண்டும் வந்து அமர்ந்தது. பழைய தொழில் என்று அதனைத் தள்ளிவிட முடியாது.

இனி எங்கள் வண்டிக்கு வருகிறேன்.

கூண்டு கட்டிய மூன்றாம் ஆண்டில், அடிவரிசை ரிவெட்டுகளைச் சுற்றிக் கருமை படர்ந்தது. ஒவ்வோர் ஆணியின் தலைக்குப் பின்னும் ஒரு சிறு வால். வண்டி ஓடும் திசைக்கு எதிர்த் திசையில், புகை படிந்தாற்போன்ற கோடு. பட்டறை மேஸ்திரி அதைப் பார்த்தவுடன், "ரிவிட்டு புகையுது தம்பி" என்றார். வழக்கம்போல் அவற்றை டிரில் போட்டு எடுத்துவிட்டுச் சற்றுப் பருமனான அலுமினிய ரிவெட்டுகளை அடிக்க முனைந்தார். நான் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தேன். பொருள்களின் வலிமை என்னும் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தேன். அந்த வயதில் அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

"அலுமினிய ஆணி மென்மையானது, அதனால்தான் தளர்கிறது. எஃகு ஆணி போடுங்கள். வலிமை இருமடங்கு ஆகும். அப்போது ஆணிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கலாம், தகட்டில் துளையும் குறையும்" என்றேன். தாளில் கணக்கும் போட்டுக் காட்டினேன். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "வாழைப்பட்டையில இரும்பாணி அடிச்ச மாதிரி ஆயிடப் போவுது தம்பி" என்றார். மாமாவோ, "படிச்ச பையன் கணக்குப் போட்டுச் சொல்றான். கேளுங்க மேஸ்திரி" என்றார். அவர் கேட்டார். 50 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருந்த அலுமினிய ஆணிகள் போய், 100 மில்லிமீட்டருக்கு ஒன்றாக எஃகு ஆணிகள் வந்தன.

அடுத்த மாங்காய்ப் பருவத்தின் நடுவில், மொகிலி கணவாயில் வண்டி இறங்கிக்கொண்டிருந்தபோது, பின்கதவை ஒட்டிய பக்கத்தகடு கீழ்வரிசை முழுவதும் கிழிந்து, தகர டப்பாவின் மூடியைப் போல் வெளிப்புறம் விரிந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் தலையைத் தாழ்த்தி வண்டியை ஒடித்தார். தகட்டிலிருந்து தப்பினார், சாலையோரத்தில் விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. தகட்டின் விளிம்பு அவர் கழுத்தளவில் இருந்தது என்று ஓட்டுநர் பிற்பாடு சொன்னார்.

செய்தி கேட்டு ஊருக்கு ஓடினேன். கிழிந்த தகட்டை மேஸ்திரி பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. எஃகு ஆணிகளைச் சுட்டிக் காட்டினார். ஓர் ஆணியும் அறவில்லை. ஓர் ஆணியும் தளரவில்லை. வரிசையாக எஃகுச் சட்டத்தில் அப்படியே நின்றன. கிழிந்தது தகடு, அதுவும் துளையிலிருந்து துளைக்கு, அஞ்சல்தலைத் தாளைக் கிழித்தாற்போல்.

இங்கேதான் பாடம் தொடங்குகிறது.

ரிவெட்டு இணைப்பு ஒன்று மூன்று வழிகளில் தோற்கலாம். ஆணி குறுக்கே வெட்டுண்டு போகலாம். துளையின் சுவரை ஆணி நசுக்கித் துளையை நீள்வட்டமாக்கலாம். துளைகளுக்கு இடையே எஞ்சிய தகடு கிழியலாம். இம்மூன்றில் எது குறைவோ அதுவே இணைப்பின் வலிமை. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆணியின் குறுக்குப் பரப்பு 19.6 சதுர மில்லிமீட்டர். அலுமினிய ஆணி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 180 நியூட்டன் வெட்டு விசையைத் தாங்கும் என்று கொண்டால், ஓர் ஆணி 3,530 நியூட்டன் தாங்கும். எஃகாணிக்கு 320 எனக் கொண்டால் 6,270 நியூட்டன். ஏறத்தாழ இருமடங்கு. நான் போட்ட கணக்கு இம்மட்டே.

போடாமல் விட்டது துளையின் கணக்கு. 1.6 மில்லிமீட்டர் தகட்டில் 5 மில்லிமீட்டர் ஆணி அழுத்தும் பரப்பு 8 சதுர மில்லிமீட்டர். அந்தத் தகடு நசுங்காமல் தாங்குவது சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் என்றால், ஒரு துளை தாங்குவது 3,200 நியூட்டன். ஆணி எஃகாக இருந்தாலும் வைரமாக இருந்தாலும் இந்த எண் மாறாது. அலுமினிய ஆணியின் 3,530-ம் துளையின் 3,200-ம் அருகருகே நிற்பதைக் காண்க. எந்தக் கணக்கும் எழுதாத மேஸ்திரியின் இணைப்பு, ஆணியும் தகடும் ஒன்றையொன்று ஒத்துப் போகும் இணைப்பு. நான் ஆணியை மட்டும் இருமடங்காக்கினேன், துளைகளைப் பாதியாக்கினேன். ஆக ஒரு மீட்டர் நீள இணைப்பின் வலிமையைச் சரிபாதியாகக் குறைத்துவிட்டு, பெருக்கிவிட்டதாக எண்ணியிருந்தேன்.

எனினும் பாதி வலிமையே அந்தச் சுமைக்குப் போதுமானது. நிறுத்தி வைத்த வண்டியில் அத்தகடு நூறாண்டு நின்றிருக்கும். பின் ஏன் ஒரே பருவத்தில் கிழிந்தது? வண்டி ஓடிற்று என்பதே விடை.

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடியாது. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் இப்பக்கமும் அப்பக்கமும் வளைத்தால் ஒடிந்துவிடும். சிறுவர்க்கும் தெரிந்த செய்தி இது. ஆனால் கண்ணுக்கே புலப்படாத அளவு சிறிதாக வளைத்தாலும், எண்ணிக்கை இலட்சக்கணக்கில் போனால் உலோகம் ஒடியும் என்பதை உலகம் துன்பப்பட்டே அறிந்தது. 1842 மே 8-ஆம் நாள் பிரான்சில் வெர்சேயிலிருந்து பாரிசுக்குச் சென்ற இரயிலின் எஞ்சின் அச்சு ஒடிந்து, வண்டிகள் ஒன்றன்மேலொன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நல்ல இரும்பு எப்படித் திடீரென ஒடியும் என்ற கேள்வி பொறியாளரை வாட்டியது. செருமானிய இரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களின் இறுதியில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒருமுறை இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்பது வேறு, பல இலட்சம் முறை அசைத்தால் எவ்வளவு தாங்கும் என்பது வேறு என்று காட்டினார். இந்த இரண்டாம் குறைபாட்டையே அயர்வு என்கிறோம். மனிதனுக்கு வரும் அயர்வு உறங்கினால் தீரும். உலோகத்தின் அயர்வு தீர்வதில்லை, சேர்ந்துகொண்டே போகும்.

எங்கள் வண்டி எத்தனை முறை அசைந்தது? நொடிக்கு மூன்று அதிர்வு, நாளைக்கு எட்டு மணிநேர ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 86,400 அசைவு. இரண்டு மாதப் பருவத்தில் ஐம்பது இலட்சத்தைத் தாண்டும்.

இதில் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எஃகுக்கு ஓர் எல்லை இருக்கிறது. தகைவு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் சுமக்கும் விசை, அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் சாதாரணச் சூழலில் எஃகு எத்தனை அசைவையும் பொறுக்கும் என்று கொண்டு வேலை செய்யலாம். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. தகைவு சிறிதாயின் ஆயுள் நீளும், அவ்வளவே. ஆகவேதான் அலுமினியத்தின் அயர்வு வலிமையைக் கூறும் நூல்கள் "50 கோடி அசைவுக்கு இவ்வளவு" என்று எண்ணிக்கையோடு சேர்த்தே கூறுகின்றன. அன்றியும் தகைவை இருமடங்காக்கினால் ஆயுள் பாதியாகும் என்று எண்ணக்கூடாது. பத்தில் ஒன்றாகும், இருபதில், முப்பதில் ஒன்றாவதும் உண்டு. ஆணிகளைப் பாதியாக்கி ஒவ்வொரு துளையின் பங்கையும் நான் இருமடங்காக்கியது நினைவிருக்கட்டும். மேஸ்திரியின் கூண்டு மூன்றாண்டு ஓடியும் கிழியாததற்கும், என் கூண்டு ஒரு பருவத்தில் கிழிந்ததற்கும் இதுவே முதற்காரணம்.

துளையின் ஓரம் வேறு தனிக்கதை. ஆற்றின் நடுவே ஒரு பாறை நின்றால் நீர் அதன் இருபக்கமும் நெருங்கி விரைவதைப் பார்த்திருப்பீர்கள். தகட்டில் ஓடும் விசையும் துளையின் இருபக்கமும் அவ்வாறே நெருங்குகிறது. அகன்ற தகட்டில் வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மும்மடங்காகும் என்று செருமானிய அறிஞர் கிர்ஷ் 1898-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆணி வேறு துளையின் சுவரை அழுத்துமாயின் அதற்கும் மேலே போகும். துளையைத் துரப்பணத்தால் இடாமல் குத்துளியால் குத்தினால், அல்லது பிசிறை நீக்காமல் விட்டால், அந்த மும்மடங்குத் தகைவின் இடத்திலேயே மயிரிழைக் கீறலை நாமே கையால் வைத்துக் கொடுக்கிறோம்.

நன்றாக அடித்த ரிவெட்டு இந்தத் தீமையை ஓரளவு தடுக்கிறது. செஞ்சூடாக அடிக்கும் எஃகு ரிவெட்டு ஆறும்போது சுருங்கித் தகடுகளை இறுக்குகிறது. சுமையில் ஒரு பங்கைத் தகடுகளின் உராய்வே தாங்கிக்கொள்ளும். குளிர்நிலையில் அடிக்கும் அலுமினிய ரிவெட்டு அவ்வளவு இறுக்குவதில்லை. ஆனால் பருத்துத் துளையை முழுதும் நிரப்பி, துளைச் சுவரை நெருக்கி வைக்கிறது. அந்த நெருக்கம் கீறல் வாய் திறக்காமல் காக்கும். என் எஃகாணி குளிர்நிலையில் அடிபட்டது. பருக்க மறுத்தது. அடித்த அடியெல்லாம் மென்மையான தகட்டின்மேல் விழுந்து, துளையைச் சுற்றிக் கிண்ணம்போல் குழித்தது. வாழைப்பட்டை என்று மேஸ்திரி சொன்னது இதனைத்தான்.

ஆணியைப் பொறுத்தமட்டில் விமானத் தொழிலார் காட்டும் அக்கறை வியப்புக்குரியது. எங்கள் ஊர் வழியே மேற்கே போகும் சாலை சென்று சேரும் பெங்களூரில் 1940-இல் தொடங்கியது இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. 1951-இல் அங்கே உருவாகிப் பறந்த எச்.டி. 2 பயிற்சி விமானம் முழுதும் உலோகத்தால் ஆனது. டியூராலுமின் போன்ற கலவையால் செய்த ரிவெட்டுகளைச் சூடேற்றிக் குளிர்ந்த நீரில் தோய்த்ததும் அவை சிறிது நேரம் மெழுகுபோல் இளகியிருக்கும். பிறகு தாமாகவே இறுகத் தொடங்கும். செருமனியில் ஆல்பிரட் வில்ம் 1906-இல் கண்ட இயல்பு இது. அந்த இறுக்கம் அடிப்பதற்கு முன்பே வந்துவிடாமல் இருக்க, விமானத் தொழிலில் இத்தகைய ரிவெட்டுகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, எடுத்த சூட்டோடு, இல்லை, எடுத்த குளிரோடு அடிப்பார்கள். அடித்த பின் துளைக்குள் இருந்தபடியே வலிமை ஏறும்.

இதுவரை சொன்னது எந்த உலோகத்துக்கும் பொருந்தும். எஃகும் அலுமினியமும் கூடும்போது மட்டும் எழும் பிணக்குகள் மூன்று உண்டு.

முதலாவது விறைப்பு. ஒரே விசையில் எஃகு ஒரு பங்கு நீண்டால் அலுமினியம் ஏறத்தாழ மூன்று பங்கு நீளும். வரிசையாக ஐந்து ஆணிகள் இருந்தால் சுமையை ஐவரும் சமமாகப் பங்கிடுவர் என்று எண்ணுகிறோம். உண்மையில் இரு ஓரத்து ஆணிகளே மிகுதியாகச் சுமக்கின்றன. தகடுகள் ஒரே உலோகமாயின் இரு ஓரமும் ஒத்திருக்கும். எஃகும் அலுமினியமுமாயின், அலுமினியத் தகடு தன் முழுச் சுமையோடு இணைப்புக்குள் நுழையும் ஓரத்து ஆணியே எல்லாரினும் மிகுதியாகச் சுமக்கும். ஆகவே முதற்கீறலைத் தேடுவோர் அந்த ஓரத்தில், ஆணித்தலைக்கு அடியில், அலுமினியத்தில் தேடவேண்டும். எங்கள் தகட்டின் கிழிசலும் கதவை ஒட்டிய கடைசித் துளையில்தான் தொடங்கியிருந்தது. முறிவு முகத்தில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. நெடுநாள் மெல்லத் திறந்து மூடிய கீறல் அது. எஞ்சிய பகுதி ஒரே நொடியில் கிழிந்த பளபளப்பு.

இரண்டாவது வெப்பம். ஒரு பாகைச் சூட்டுக்கு ஒரு மீட்டர் எஃகு 12 மைக்ரோமீட்டர் நீளும், அலுமினியம் 23. சித்திரை வெயிலில் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே தகடு 30 பாகை சூடேறினால், நான்கு மீட்டர்க் கூண்டில் தோல் எலும்பைவிட 1.3 மில்லிமீட்டர் கூடுதலாக நீளப் பார்க்கும். ஆணிகள் விடமாட்டா. நாளைக்கு ஒருமுறைதான் இந்தப் போராட்டம். ஆயினும் அதிர்வைப் போல் சிறிய போராட்டம் அன்று.

மூன்றாவது ஈரம். பள்ளியில் ஓர் எலுமிச்சம்பழத்தில் இரு வேறு உலோகத் துண்டுகளைச் செருகி மின்னோட்டம் உண்டாவதைக் காட்டியிருப்பார்கள். எலுமிச்சைக்குப் பதில் மாங்காய்ச் சாறு. துண்டுகளுக்குப் பதில் எஃகுச் சட்டமும் அலுமினியத் தகடும். நசுங்கிய காயின் புளித்த சாறு தரையிலிருந்து வழிந்து, அடிவரிசை ஆணிகளின் இடுக்கில் போய்த் தங்கும். எங்கள் வண்டி ஓடும் மின்கலமாகவே திரிந்தது. இந்தக் கலத்தில் கரைவது அலுமினியம்.

இங்கே பரப்பின் அளவையும் நோக்கவேண்டும். பெரிய எஃகுப் பரப்பின் நடுவே சிறிய அலுமினிய ஆணி இருந்தால், அரிப்பு முழுதும் அந்தச் சிறிய ஆணியின் தலையில் விடிந்து விரைவில் தின்றுவிடும். பெரிய அலுமினியத் தகட்டில் சிறிய எஃகாணி இருந்தால் அரிப்பு பரவலாகி மெதுவாகும். இந்த ஒரு வகையில் என் எஃகாணி குற்றமற்றது என்று முதலில் ஆறுதல் அடைந்தேன். ஆனால் தகட்டுக்குப் பின்னே எஃகுச் சட்டம் முழு நீளத்துக்கும் இருப்பதை மறந்திருந்தேன். துளையோரத்தில் வெண்பொடி பூத்திருந்தது. அலுமினியம் அரிபட்டுத் தரும் இப்பொடி, தான் உண்டான உலோகத்தைவிட மிகுந்த இடத்தைக் கேட்கும். தகடுகளை நெம்பிப் பிரிக்கும். நியூயார்க்குத் துறைமுகத்தில் 1886-இல் நிறுவிய சுதந்திர தேவியின் சிலையில், செப்புத் தோலுக்கும் இரும்பு எலும்புக்கும் இடையே இவ்வாறே நேர்ந்தது. துருவின் வீக்கத்தால் ரிவெட்டுகள் பிடுங்கிக்கொண்டு போயின. 1984 முதல் 1986 வரை அந்த இரும்பு எலும்புகளை ஏறத்தாழ எல்லாவற்றையும் மாற்றவேண்டியதாயிற்று.

அரிப்பும் அயர்வும் தனித்தனியே வருவதைவிடச் சேர்ந்து வருவது கொடிது. அரித்த குழியில் கீறல் பிறக்கும்; பிறந்த கீறலுக்குள் ஈரம் நுழையும். 1988 ஏப்ரல் 28-ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் இருபத்துநாலாயிரம் அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, அதன் முன்பகுதிக் கூரை ஏறத்தாழ பதினெட்டு அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானப் பணிப்பெண் ஒருவர் காற்றில் இழுக்கப்பட்டு மாண்டார். எஞ்சிய தொண்ணூற்று நால்வரும் உயிரோடு தரையிறங்கியது விமானிகளின் திறன். அந்த விமானம் தீவுக்குத் தீவு குறும்பயணமாக 89,680 முறை பறந்திருந்தது. கடற்காற்றின் உப்பு தகடுகளின் இடைப்பசையைப் பிரித்தது. சுமை முழுதும் ரிவெட்டுத் துளைகளில் விழுந்தது. அடுத்தடுத்த துளைகளில் சிறுசிறு கீறல்கள் தோன்றி ஒருநாள் கைகோத்துக்கொண்டன. எங்கள் தகட்டில் கண்ட அஞ்சல்தலைக் கிழிசல் இதுவே. விமானத்தில் ஏறும்போதே பயணி ஒருவர் கதவருகில் நீண்ட கீறலைக் கண்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே உலகுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. காமெட் என்னும் ஜெட் விமானம் 1954 சனவரி 10 அன்று எல்பாத் தீவருகிலும், ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகிலும் வானிலேயே பிளந்து கடலில் வீழ்ந்தது. முதல் விமானம் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் முழு விமானத்தையே நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, நீரழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தனர். 3,057 பயணத்துக்குச் சமமான ஏற்றத்தாழ்வில் சாளர மூலையில் உடல் பிளந்தது. கடலிலிருந்து எடுத்த எல்பா விமானத்தின் கூரைத்துண்டிலும், சாளர மூலையை ஒட்டிய ஆணித்துளையிலிருந்து அயர்வுக் கீறல் புறப்பட்டிருந்தது.

இவற்றையெல்லாம் நூலகத்தில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்க நாணமாக இருந்தது, கேட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "புகையுற ரிவிட்டு நல்ல ரிவிட்டு தம்பி. அது தளந்து சொல்லுது. நீங்க போட்டது வாயே திறக்கல" என்றார். கரும்பொடி என்பது, தளர்ந்த அலுமினிய ஆணி தகட்டோடு உராய்ந்து உதிர்த்த நுண்துகள் காற்றில் ஆக்சைடாகிப் படிவது. எஃகில் அதுவே செம்பழுப்பாக வரும். அரிப்பாயின் வெண்பொடி. வண்டியின் பக்கத்தில் நடந்து போகிறவர் இந்த மூன்று நிறங்களை அறிந்திருந்தால் ஆணியின் நோயைக் கூறிவிடலாம். மேஸ்திரி நாற்பது ஆண்டாக அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறார். என் எஃகாணியோ தான் தளராமல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், தகட்டைக் கிழியவிட்டது.

இருவருமாகச் சேர்ந்து அந்தப் பக்கத்தை மீண்டும் கட்டினோம். அடிவிளிம்பில் ஒருவரிசைக்குப் பதில் இருவரிசை. ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று அமையுமாறு 40 மில்லிமீட்டருக்கு ஓர் அலுமினிய ஆணி. துளை நடுவிலிருந்து தகட்டு விளிம்புக்கு ஆணி விட்டத்தைப்போல் இருமடங்குக்குக் குறையாத தொலைவு. துளையெல்லாம் துரப்பணத்தால் இட்டுப் பிசிறு நீக்கியவை. ஒரு கையால் இழுத்துப் பொருத்தும் குழல் ரிவெட்டை, துளையை நிரப்பாது என்பதால், அடிவரிசையில் விலக்கினோம். கதவு மூலையில் உட்புறம் ஒரு துண்டுத் தகடு கூடுதலாக வைத்தோம். எஃகுச் சட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சு; அதற்கும் தகட்டுக்கும் நடுவே நீர் புகாத பிசின் நாடா. நாடா வைத்த இடத்தில் மின்கலம் வேலை செய்யாது. ஆணித்தண்டின் வழியாக மட்டும் இன்னும் தொடர்பு இருக்கிறது, அதனால் ஆணியைப் பசை தோய்த்து அடித்தோம். சாறு தேங்காமல் வழிய, தரையின் ஓரத்தில் வடிதுளைகள் விட்டோம். இது மாமாவின் யோசனை. என் யோசனைகளைவிடச் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் அதுவே என்று இப்போது தோன்றுகிறது.

மணிக்கட்டு முறிந்தவர் பக்கத்து ஊர்க்காரர். மருத்துவச் செலவை மாமா ஏற்றார். நான் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கணக்குத் தாளையும் எடுத்துச் சென்றிருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எது தப்பு?" என்று கேட்டார். எழுதியிருந்த வரிகளில் எதுவும் தப்பில்லை. எழுதாமல் விட்ட வரியைத் தாளின் அடியில் எழுதிக் காட்டினேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் மேஸ்திரியும் சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறோம். புகையும் ஆணியைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறோம். சென்ற முறை பதினொரு வட்டங்கள். அவற்றுள் ஏழு, கதவை ஒட்டிய மூலையில்.